மலையில் நடந்த பரீட்சைகள்

பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் பேராக்கிலுள்ள தாப்பா வழியாகவே வெகுகாலம் போய்ச் சேரக்கூடியதாக இருந்த கேமரன் மலையை, நில அளவை உத்தியோகஸ்தரான வில்லியம் கேமரன் 1885இல் கண்டு எழுதிவைத்துவிட்டுப் போன பின்பு, அந்த மேட்டுநிலத்தை என்ன செய்வதென்று தீர்மானிக்க அரசாங்கத்துக்கு ஏறக்குறைய நாற்பது வருஷங்கள் பிடித்தன. ஐக்கிய மலாய் நாடுகளின் தலைமைச் செயலாளராக இருந்த ஸர் ஜார்ஜ் மாக்ஸ்வெல், மலைமேல் ஏறிச் சில நாள் தங்கிச் சுற்றிப் பார்த்து, இலங்கையின் நுவரெலியாவையும் பிலிப்பைன்ஸ் தீவுகளின் பாகியோவையும் மனத்தில் நிறுத்தி ஒப்பிட்டு, இதுவும் ஒரு மலைவாசஸ்தலமாகத் தக்கது என்று கண்டார். 1925இல் அங்கே ஒரு விவசாயப் பரிசோதனை நிலையம் ஏற்பட்டது. மலைக்காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் சிங்கோனா, காப்பி, தேயிலை, பழவகைகள், காய்கறிகள் ஆகிய இவற்றில் எது அந்தக் குளிரிலும் மழையிலும் வேர் பிடிக்கும் என்று பார்ப்பதே அதன் வேலை.

இத்தகைய நிலையம் ஒன்றின் தத்துவம் நின்று கவனிக்கத்தக்கது. புதிய மண்ணில் புதிய பயிரை நடும் குடியானவன் தோற்றால் அவன் குடும்பம் பட்டினி கிடக்கும். பணம் போட்ட முதலாளி தோற்றால் கடன்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆகவே இவ்விருவரும் தோற்கவேண்டிய தோல்விகளையெல்லாம் முன்கூட்டியே, பொதுப்பணத்தில், யாருடைய ஏளனத்துக்கும் இடமின்றித் தோற்றுப் பார்த்து, எது பிழைக்கும், எது பிழைக்காது என்று குறித்துவைப்பதற்காகவே அப்படியொரு ஸ்தாபனம் வேண்டியிருக்கிறது. இன்று கேமரன் மலை என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது தேயிலையும் காய்கறியும்தான், சிங்கோனாவை நினைப்பாரில்லை. அதனால் நிலையத்துக்கு அபகீர்த்தி வந்துவிட்டதாக யாரும் சொல்லவுமில்லை.

இதே மாக்ஸ்வெல்தான் 1920ஆம் வருஷத்து நிர்வாக அறிக்கையில் மலாய்ப் பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பிரஸ்தாபித்தபோது, நன்கு படித்த சிலரை உண்டாக்குவது அரசாங்கத்தின் நோக்கமன்று என்றும், செம்படவன் மகனையும் குடியானவன் மகனையும் அவரவர் தகப்பன்மாரைக் காட்டிலும் சற்றுப் புத்திசாலிகளான செம்படவனாகவும் குடியானவனாகவும் ஆக்கினால் போதும் என்றும் பொருள்படும் அபிப்பிராயத்தை வெளியிட்டவர். மலாயாவில் ஆங்கிலேயர் ஆட்சியின் சரித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த வாக்கியத்தைத் தேடிப் பிடித்து எடுத்துக் காட்டுகிறார்கள், காட்டுவது நியாயமே. ஆனால் அதை எழுதியவரும், மலைமேல் எந்தச் செடியையும் நட்டுப் பார்க்கலாம் என்று துணிந்தவரும் ஒரே மனிதர் என்பதை யாரும் சேர்த்து வைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. செடி எந்த மண்ணுக்கும் போகலாம்; பிள்ளை மட்டும் தகப்பன் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும். தோட்டத் தமிழ்ப் பிள்ளைகளைக் குறித்து இந்த அளவு நோக்கத்தையேனும் எவரும் சிரமப்பட்டு வகுத்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய வியாபாரி, இலங்கையில் தேயிலைத் தொழில் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, போ என்ற தேயிலைத் தோட்டத்தைத் திறந்தார். உலகமெங்கும் வியாபாரம் இடிந்து விழுந்துகொண்டிருந்த வருஷம் அது. ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. தாப்பாவிலிருந்து மலைக்கு வெட்டிய பாதை 1931இல்தான் முடிவுபெற்றது. சில தொழிலாளிகள், ஒரு ஜோடிக் கோவேறு கழுதைகள், ஒரு நீராவி உருளை ஆகிய இவற்றைக் கொண்டு செங்குத்தான காட்டுச் சரிவு தோட்டமாயிற்று என்று அந்தக் கம்பெனியார் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1933இல் ரஸ்ஸல் காலமானார், தோட்டம் நிலைத்தது. அதே 1933இல் ஷுபர்ஷாத் பன்சால் அகர்வால் என்ற வட இந்தியர் பாரத் தேயிலைக்கு அடிகோலினார். மலைக்கு வந்த முதலாளிகளின் சாகசத்தைப் பற்றி எழுதப்பட்டவை நிறைய உண்டு. அவர்களுக்கு முன்னே கத்தியும் மண்வெட்டியுமாகப் போனவர்கள், கங்காணியின் வார்த்தையை நம்பி நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ் ஜனங்களும் அவர்களுடைய மக்களும். அவர்களில் அநேகருக்குக் குளிர் என்பதே அன்றுதான் அறிமுகம்.

அந்த ஜனங்களின் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததற்குக் காரணம் சட்டம். ஐக்கிய மலாய் நாடுகளின் 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ குடியிருக்கும் தோட்டத்தில் முதலாளியே பள்ளிக்கூடம் வைத்து நடத்தவேண்டும் என்று விதித்தது. சட்டத்துக்குக் கீழ்ப்படியக் குறைந்தபட்சம் எது போதுமோ அதையே பெரும்பாலான தோட்டங்கள் செய்தன. பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஓர் அறை. அதில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே வாத்தியார். வாத்தியார் என்று தனியாக ஒருவர் இல்லாத இடங்களும் மலாயாவில் அநேகம். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட கிராணியாரோ, எழுத்து வாசிக்கத் தெரிந்த கங்காணியோ, ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிறவரோ, கைவேலை முடிந்ததும் வந்து பாடம் சொன்னார். பாடப் புத்தகம் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தது. ஆகவே மலையில் பிறந்த குழந்தை, தன் கண்ணெதிரே படர்ந்திருந்த தேயிலையைப் பற்றி ஒரு வரியும் படிக்காமல், தான் பார்த்தறியாத காவிரியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தது. படிப்பு பெரும்பாலும் நான்காம் வகுப்போடு நின்றது. 1930இல் தமிழ்ப் பள்ளிகளுக்கென்று ஒரு மேற்பார்வை உத்தியோகஸ்தர் நியமிக்கப்பட்டார். அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஐக்கிய மலாய் நாடுகளில் தோட்டப் பள்ளிகள் மட்டுமே ஐந்நூறுக்கு மேல் இருந்தன. எண்ணிக்கை பெரிதுதான்.

இந்தப் பள்ளிகள் பிள்ளைகளின் துணிவை அடக்கிவிட்டன என்று கண்டனம் செய்வது இப்போது சுலபமான காரியம். வாய்பாடும் ஆத்திசூடியும் ஒரே குரலில் ஒப்புவிக்கும் வகுப்பில் ஒரு பையன் எழுந்து ஏன் என்று கேட்டிருந்தால் பிரம்பு பேசியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அந்த அடக்கத்துக்குப் பின்னால் இருந்த கணக்கைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது. தோட்டத்தில் குடியிருக்கும் லயத்து வீடு வேலையோடு பிணைந்தே கிடைத்தது. வேலை போனால் வீடும் போகும். சரிவில் ஓடி விளையாடிய பெண்குழந்தை வாய்க்காலில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டால், தாய் அன்று கொழுந்து பறிக்கப் போகமுடியாது. போகாத நாளுக்குக் கூலி இல்லை. துரையின் நாயைச் சீண்டிய சிறுவனுடைய குறும்பு தகப்பனுடைய பெயரில் எழுதப்படும். இவ்வளவும் தெரிந்த ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்த்து நாளொன்றுக்கு நூறு தடவை “தொடாதே, ஏறாதே, போகாதே, பேசாமல் இரு” என்று சொன்னாளென்றால், அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பிள்ளையின் ஒவ்வொரு முயற்சிக்கும் உரிய நஷ்டத்தை அவள்தான் கட்டவேண்டும். முதலாளியின் பயிருக்கு முன்னே தோற்றுப் பார்க்க ஓர் அரசாங்க நிலையம் இருந்தது. அவள் பிள்ளைக்கு முன்னே தோற்றுப் பார்க்க யாரும் இல்லை.

அந்த ஓரறைப் பள்ளியில் ஒரு விசேஷம் மட்டும், யாரும் திட்டமிடாமலே, பிள்ளைகளுக்கு அநுகூலமாக இருந்தது. ஒரு வாத்தியார் நான்கு வகுப்பைக் கட்டி மேய்க்கமுடியாது. எனவே பெரிய பையன் ஒருவன் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவேண்டியதாயிற்று. நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று பெயர் பெற்றவன் இவனே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதியை மேற்பார்த்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அந்த வழக்கத்தைத் தம் விடுதியில் கொண்டுவர முயன்றபோது, சம்பளம் வாங்கும் உபாத்தியாயர்கள் அது நடவாது என்று மறுத்துவிடவே, மாணவன் ஒருவனிடம் அந்த வேலையை ஒப்படைத்தார், அது நடந்தது. 1797இல் லண்டனில் அவர் அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட, சென்னை முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்திலும் பிற தேசங்களிலும் பல்லாயிரம் ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தது. செலவு குறைவு என்பதே அந்த முறைக்கு அங்கே கிடைத்த கீர்த்திக்கு முதற் காரணம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் சிக்கனத்துக்காக ஏற்பட்ட வழக்கத்தில் வேறொரு பலனும் ஒளிந்திருந்தது. பத்து வயதுப் பிள்ளை ஒன்று ஆறு வயதுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தவறு செய்தால், அந்தத் தவறு வாத்தியாருடைய காதுக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் அது சின்னவனுடைய தவறாகத்தான் எண்ணப்படும். தப்பாகச் சொல்லி, தானே அதைக் கண்டுபிடித்து, மறுபடி சரியாகச் சொல்லும் ஒரு சிறிய சுதந்திரம், அந்த அறையின் பின்வரிசையில் பெரிய பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்தது. தோட்டப் பள்ளிகளிலிருந்து எப்படியோ வெளியேறி, பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும் தொழிற்சங்கக்காரர்களாகவும் மேடையேறிய அநேகர், நாலு பேர் முன்னால் நின்று வாய் திறக்கும் வித்தையை முதலில் கற்றது இந்தப் பின்வரிசையில்தானோ என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

அந்த மலையிலேயே வேறு விதமான பள்ளிக்கூடமும் இருந்தது. சிங்கப்பூரில் 1925இல் டாங்லின் பள்ளியைத் தொடங்கிய ஆன் கிரிஃபித்-ஜோன்ஸ் என்ற அம்மையார், 1934இல் கேமரன் மலையில் ஐரோப்பியக் குழந்தைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளி திறந்தார். உஷ்ண தேசத்தில் வளரும் வெள்ளைக்காரக் குழந்தை மெலிந்துவிடும் என்று அக்காலத்தார் நம்பியதால், சிறு வயதிலேயே அவர்களைச் சீமைக்கு அனுப்பிப் பெற்றோர் பிரிந்திருந்தார்கள். மலைக்குளிர் அந்தப் பிரிவை ஒத்திப்போட்டது. கொழுந்துக் கூடையோடு ஏறும் தமிழ்ப் பெண்ணின் மகனுக்கும், விடுதியில் தங்கிய துரையின் மகனுக்கும் குளிர் ஒன்று, மூடுபனி ஒன்று, அட்டை ஒன்று. துரை மகன் மரத்திலிருந்து விழுந்தால் வைத்தியரும் தாதியும் உண்டு, அவனால் யாருடைய வீடும் பறிபோகாது. ஆகவே அவன் மரம் ஏறுவதை நல்ல குணமாகவே அவனுடைய பெரியோர் கருத இடமிருந்தது. துணிவு ஜாதிக்கு ஜாதி இரத்தத்தில் வேறுபடுகிறது என்று அந்நாளில் பேசிய அறிவாளிகள் பலர். அவர்கள் வைத்தியர் பில்லை யார் கட்டினார் என்று பார்த்திருந்தால் தேவலை.

தோட்டத்துக்கும் விடுதிக்கும் முன்பே, மனிதர் நினைவுக்கு எட்டாத காலந்தொட்டு, அந்த மலைகளில் வாழ்ந்துவருகிறவர்கள் ஸெமாய் என்ற ஆதிகுடிகள். 1962, 1963ஆம் வருஷங்களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த ராபர்ட் டென்டன் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1968இல் எழுதிய நூலில், குழந்தையிடம் ஒன்றைச் செய் என்று சொல்ல, மாட்டேன் என்று அது சொல்லிவிட்டால், பெரியவர்கள் அதோடு விட்டுவிடுகிறார்கள் என்றும், குழந்தையை அடித்து வளர்ப்பது அவர்களிடையே தகாத காரியம் என்றும் குறித்திருக்கிறார். இதை மட்டும் படித்துவிட்டு வனவாசிகளின் குழந்தைகள் பயம் அறியாமல் வளர்கிறார்கள் என்று ஆனந்தப்படுவோருக்கு, அதே நூலின் வேறு பக்கங்களைக் காட்டவேண்டும்: இடிமழையைக் கண்டும் அந்நியரைக் கண்டும் நடுங்கும்படி அந்தக் குழந்தைகள் சிறு வயதிலேயே கற்பிக்கப்படுகிறார்கள். மலை மழையில் சரியும் மண்ணையும், அவர்களுடைய முன்னோரை அடிமைகளாகப் பிடித்துச் சென்றவர்களின் சரித்திரத்தையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. எதற்கு அஞ்சவேண்டும் என்பது தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்ததால், மற்றவற்றை அஞ்சாமல் தொட்டுப் பார்க்க அந்தக் குழந்தைகளுக்கு இடம் கிடைத்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். லயத்துத் தாயின் “தொடாதே”யில் அந்த வரையறை இல்லை. பாம்பும் துரையும் அடுத்த வீட்டுக் கண்ணாடியும் அதில் ஒன்றாகிவிட்டன. காட்டைக் கண்டு அஞ்ச அவளுக்குக் காரணம் இல்லாமலுமில்லை. 1967 மார்ச் மாதத்தில், தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர்பெற்ற ஜிம் தாம்ஸன், தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து பிற்பகலில் உலாவப் புறப்பட்டவர், பெரும்படையே தேடியும் இன்றுவரை அகப்படவில்லை.

1941இன் இறுதியில் ஜப்பானியர் வந்தார்கள். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள், திரும்பாதவர்கள் ஆகியோரின் கதை வேறு இடத்தில் விரிவாகச் சொல்லவேண்டியது. பள்ளிக்கூடம் அந்த மூன்றரை வருஷம் யாருக்கும் முதல் கவலையாக இல்லை என்று மட்டும் இங்கே சொன்னால் போதும். விந்தை என்னவென்றால், அதே யுத்த காலத்தில், தமிழ்நாட்டில் வேறொரு மலையில், குழந்தைகள் முயன்று பார்ப்பதைப் பற்றி உலகம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்ட சிந்தனைகள் உருவாகிக்கொண்டிருந்தன. பிரம்மஞான சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல் அழைத்ததன் பேரில் 1939இல் அடையாற்றுக்கு வந்த இத்தாலிய மாது மரியா மாண்டிஸோரி, இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் சத்துரு தேசத்துப் பிரஜை என்ற முறையில் இந்தியாவிலேயே தங்கும்படியாகி, 1942 முதல் ஏறத்தாழ இரண்டு வருஷம் கொடைக்கானலில் வாசம் செய்தார். ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அதாவது நம் ஆரம்பப் பள்ளி வயதினருக்கு, எவ்விதக் கல்வி தேவை என்ற யோசனையை அவரும் மகன் மாரியோவும் விரித்து வளர்த்தது அங்கேதான்.

அந்த அம்மையாரின் உபகரணங்களில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், தவற்றைத் தவறு என்று சொல்லும் பொறுப்பு ஆசிரியரிடமிருந்து எடுக்கப்பட்டுவிடுவது. உருளைகளைத் தப்பான குழிகளில் செருகினால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் மிஞ்சும். குழந்தை அதைத் தானே பார்த்து, யாரும் உதட்டைப் பிதுக்காமலே, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி தொடங்கும். தோட்டத்து வாத்தியார்களுக்கு இது எட்டியிருக்க வழியில்லை என்பது உண்மை. எட்டியிருந்தாலும், மரச்சாமான் வாங்கத் தோட்டத்துக் கணக்கில் பணம் ஒதுக்கியிருப்பார்களா என்பது சந்தேகம்.

யுத்தம் முடிந்து மூன்று வருஷத்துக்குள், 1948 ஜூனில், பேராக்கின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மூவர் சுடப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. முள்வேலி, ஊரடங்கு, சோதனைச் சாவடி ஆகியவற்றின் நடுவே வளர்ந்த தலைமுறைக்குப் “போகாதே” என்று சொல்லத் தாய் ஒருத்தி மட்டுமல்லாமல் சர்க்காரும் இருந்தது. மலைமேலிருந்த டாங்லின் விடுதிப் பள்ளி அந்தக் காலத்தில் மூடப்பட்டது. ஆனால் வேலிக்குள் இருந்த தமிழ்ப் பிள்ளைக்கு, எதிர்பாராத ஒரு திசையிலிருந்து ஒரு வாசல் திறந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி நடத்திவந்த தமிழ் முரசு, 1950களின் தொடக்கத்தில் மாணவர் மணிமன்றம் என்ற அமைப்பைத் தோற்றுவித்து, மாணவர்களே எழுதுவதற்கென்று பக்கங்களை ஒதுக்கிற்று. அதே காலத்தில் கோலாலம்பூரின் தமிழ் நேசன், சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இருவரைக் கொண்டு கதை வகுப்பு நடத்தி, புதிதாக எழுதுகிறவர்களின் கதைகளை வாங்கிப் பார்த்துக் குறை நிறை சொன்னது. சில வருஷம் அங்கே ஆசிரியராக இருந்த கு. அழகிரிசாமியும் வளரும் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டியாக விளங்கினார்.

தபால்தலைக் காசு ஒன்றைத் தவிர இதில் இழப்பதற்கு எதுவுமில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். வாத்தியாரிடம் காட்டவேண்டியதில்லை, கிராணியாருக்குத் தெரியவேண்டியதில்லை, அச்சாகாவிட்டால் அனுப்பியவனைத் தவிர ஒருவருக்கும் அந்தத் தோல்வி தெரியாது, அச்சானால் பெயரும் பள்ளியின் பெயரும் மலாயா முழுவதும் போகும். தோற்பதற்குச் செலவில்லாத இடம் ஒன்று கிடைத்தவுடன் தமிழ்ப் பிள்ளைகள் எவ்வளவு துணிந்தார்கள் என்பதற்கு, அந்தப் பக்கங்களில் தொடங்கிப் பின்னர் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்தில் இடம் பெற்றவர்களின் வரிசையே சாட்சி. பிற்காலத்து விமரிசகர்கள் அக்காலத்து எழுத்தில் கலைநயம் போதவில்லை என்று சொல்வதுண்டு. போதவில்லைதான்; பன்னிரண்டு வயதில் எழுதியதில் வேறு எதை எதிர்பார்ப்பது?

1957இல் சுதந்திரம் வந்தபோது மலாயாவில் தமிழ்ப் பள்ளிகள் 888 இருந்தன. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டதாலும் ஜனங்கள் நகரத்துக்கு இறங்கியதாலும் அது குறைந்துகொண்டே வந்து இன்று ஏறத்தாழ 530 ஆக நிற்கிறது. கேமரன் மலையில் போ தோட்டத்திலும், சுங்கை பலாஸ் தோட்டத்திலும், ரிங்லெட், தானா ராத்தா ஊர்களிலும் தமிழ்ப் பள்ளிகள் இருந்துவருகின்றன. புதிய அரசாங்கம் ஆறு வருஷப் படிப்பைக் கொடுத்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களைக் கொடுத்தது. உள்ளூர் விஷயங்கள் அடங்கிய பாடப் புத்தகங்களைக் கொடுத்தது. கூடவே, தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது, மலாய் மொழியில் பழகிக்கொள்வதற்காகப் புகுமுக வகுப்பு என்று ஒரு வருஷத்தையும் கூட்டிக் கொடுத்தது.

அந்த ஒரு வருஷம், நல்ல கையில் கிடைத்திருந்தால், பிள்ளை அஞ்சாமல் பிழை பேசிப் பழகும் வருஷமாக அமைந்திருக்கலாம். நடைமுறையிலோ, பின்தங்கியவர்களை நிறுத்திவைக்கும் இடம் என்ற பெயரே அதற்குப் பல ஊர்களில் மிஞ்சிற்று. மலைத்தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் பட்டணப் பள்ளிக்குப் போன பதின்மூன்று வயதுப் பெண், தான் வாய் திறந்தால் வகுப்பு சிரிக்கும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டால், இலக்கணம் கற்பதற்கு முன் மௌனத்தைக் கற்றுவிடுகிறாள். மௌனம் பரீட்சையில் மதிப்பெண் குறைக்காதாகையால் அதை ஒருவரும் குறையாகப் பார்ப்பதில்லை.

1983இல் நாடு முழுவதும் புகுத்தப்பட்ட புதிய ஆரம்பப் பள்ளிக் கலைத்திட்டம், குழந்தை செய்து பார்த்துக் கற்கவேண்டும் என்று தாளில் அழகாகவே எழுதிக் காட்டிற்று. ஐந்து வருஷத்தில், 1988இல், ஆறாம் வகுப்பு இறுதியில் யூபிஎஸ்ஆர் என்ற பொதுத் தேர்வு வந்து, அந்தத் தாளை மூடிற்று. தேர்வைக் குறை சொல்வதற்கு முன், தோட்ட ஜனங்கள் ஏன் அதை அவ்வளவு இறுகப் பற்றினார்கள் என்று பார்க்கவேண்டும். தகப்பனுக்குச் சிபாரிசு இல்லை, நிலம் இல்லை, சொந்த வீடு இல்லை. யார் பிள்ளை என்று கேட்காமல் மதிப்பெண் கொடுக்கும் காரியம் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது தேர்வு. ஆகவே ஏழு பாடத்திலும் ஏ வாங்கிய பிள்ளையின் படம் செய்தித்தாளில் வந்த நாளில் லயம் முழுவதும் கொண்டாடியது முற்றிலும் நியாயம். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. தெரிந்த விடையைப் பிழையின்றித் திரும்ப எழுதும் பிள்ளை புத்திசாலி என்றும், தெரியாததைத் தொட்டுப் பார்த்து நேரத்தை வீணாக்கும் பிள்ளை அசடு என்றும் ஒரு தலைமுறை முழுவதும் தரம் பிரித்துப் பழகிவிட்டது. பழைய “தொடாதே” புதிய உடையில், மாதிரி வினாத்தாள் கட்டோடு, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை தாயிடம் கூலிக் கணக்கு மட்டும் இல்லை. டியூஷன் பீஸ் கணக்கும் இருந்தது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தவற்றில் எடுத்துச் சொல்லத்தக்கது, அஸ்தி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவியல் இயக்கத்தார், சென்ற பத்துப் பதினைந்து வருஷங்களில் தமிழ்ப் பள்ளிகளுக்கென்று நாடளாவிய அளவில் நடத்திவந்த சிறுவர் அறிவியல் விழா. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, பரிசோதனை செய்து, வந்த முடிவை நடுவர் முன் நின்று பத்து வயதுப் பிள்ளைகளே விளக்கவேண்டும். எதிர்பார்த்த முடிவு வராவிட்டாலும், ஏன் வரவில்லை என்று சொல்லத் தெரிந்தால் அதுவே ஒரு விடையாகும் என்பது விஞ்ஞானத்தின் சம்பிரதாயம்; நம் வீடுகளின் சம்பிரதாயம் இன்னும் அதுவாகவில்லை. பெற்றோர் செய்துகொடுத்த பொருளைப் பிள்ளை தூக்கிக்கொண்டு வந்து நிற்பதையும் இத்தகைய விழாக்களில் காணலாம். அதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. பிள்ளையின் தோல்வியைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ள ஒரு தகப்பன் முன்வந்துவிட்டான் என்று நான் அதைப் பார்க்கிறேன், வழி மட்டும் சற்றுத் தவறிவிட்டது.

இப்போது மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் கையில் கத்தரியும் இயந்திரமும் இருக்கின்றன. தமிழ்க் குடும்பங்கள் ஊருக்கும் பட்டணத்துக்கும் இறங்கிவிட்டதால் தோட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவு. பிள்ளைகள் மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து ஒரே ஆசிரியர் நடத்துவது நாட்டில் ஏற்கப்பட்ட ஏற்பாடு. இது குறை என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு பிள்ளை என்ன முயன்றது, எங்கே தடுக்கி விழுந்தது என்பதை ஆசிரியர் தம் கண்ணாலேயே பார்த்துவிடக்கூடிய அளவுக்கு வகுப்பு சிறுத்துப்போயிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் தேவலை.

2021இல் யூபிஎஸ்ஆர் ரத்து செய்யப்பட்டது. அதற்குப் பதிலாக வகுப்பறையிலேயே ஆசிரியர் வருஷம் முழுவதும் பிள்ளையைக் கவனித்து, ஒன்று முதல் ஆறு வரை ஒரு தேர்ச்சி நிலையைக் குறிக்கும் முறை முன்னுக்கு வந்திருக்கிறது. ஆறாம் நிலை என்பது, கற்றதைப் புதிய சந்தர்ப்பத்தில் சொந்தமாகக் கையாளத் தெரிந்த பிள்ளைக்கு உரியது. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்லி முடித்தபின், பின்வரிசையில் இருக்கும் ஒரு தகப்பனார் கையை உயர்த்திக் கேட்கிறார்: “சரிங்க சார், ஆறாம் நிலைன்னா எத்தனை ஏ?”